கலா, உன் பெயரில் உள்ளே வருவது யார்?

என் அன்பு மச்சாள் கலாவுக்கு, எனக்கு ஒன்றும் ஒளிக்கமாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் ஒளித்தவளுக்கு,

நீ போய் ஒரு கோடை முழுதாகக் கழிந்துவிட்டது. வெளியே குளிர் தொடங்கிவிட்டது, எங்கள் கட்டடத்தில் இன்னும் ஹீற்றர் போடவில்லை. இரண்டு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். பழுது, திருத்துகிறோம் என்று கீழே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பழுது என்பதை நான் நம்பவில்லை.

நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. "பொலிஸ்காரி தொடங்கிற்றாள்" என்று சொல்லுவாய். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாளிலிருந்து நீ எனக்கு வைத்த பெயர் அது. பிறகு என் அண்ணாவைக் கட்டி எனக்கு மச்சாளாக வந்த பிறகும் நீ அதை விடவில்லை.

என்ன செய்வது? நான் பார்க்கும் வேலை அப்படி. பெரிய கடையொன்றில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களின் கவுண்டரில் நிற்கிறேன். பெட்டி புதிதாக இருக்கும், உள்ளே பழைய இஸ்திரிக்கை இருக்கும். கலியாணத்துக்கு உடுத்த சட்டையை வியர்வை மணத்தோடு கொண்டுவந்து, "போட்டே பாக்கேல்லை" என்பார்கள். அங்கே நின்று நின்று, முகத்தைப் பார்க்கும் முன்னர் பெட்டியைத் திறந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அதனால்தான் நீ முதன்முதல் அந்த வகுப்பைப் பற்றிச் சொன்னபோதும் சந்தேகப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறது உன் வேலை. முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நூலகத்தில் கணினிக்கு முன்னால் இருந்து அழுததாகச் சொன்னாய். கணினி பெயரைக் கேட்கிறது, பிள்ளைக்குத் தன் பெயரின் எழுத்துகள் விசைப்பலகையில் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பழகின பிள்ளைகள், லப்டொப்பின் கண்ணாடியையும் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, இது வேலை செய்யவில்லை என்கிறார்களாம். மவுஸைக் கொடுத்தால் இரண்டு கையாலும் பிடிக்கிறார்களாம். அதற்கு ஒரு வகுப்பு வேண்டும் என்றாய்.

"இதுக்கு ஆர் சம்பளம் தாறது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் தரேல்லை."

"அப்ப பிறகு எங்கயோ பிடுங்கப் போறாங்கள்."

இன்றுவரை ஒருவரும் ஒன்றும் பிடுங்கவில்லை. நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மல்வேர்னில், எங்கள் கட்டடத்தின் கீழ்த் தளத்து அறையில், சனிக்கிழமை காலையில் நீ வகுப்பு நடத்தினாய். ஒரு கந்தோரில், அலுவலக வேலைக்கு இனி உதவாதென்று கழித்துவிட்ட பழைய லப்டொப்புகள். அவற்றை வைக்க இங்கே பூட்டுள்ள அலுமாரி இல்லை என்று உன் வீட்டு நிலவறையில் வைத்துக்கொண்டாய். அண்ணா வானில் ஏற்றிக்கொண்டு வருவார், முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போவார். உள்ளே ஒருநாளும் வந்ததில்லை. அறைக்கு வெளியே நடையில் இருக்கும் வாங்கில் கோப்பியோடு இருப்பார். பிள்ளைகளுக்கு நீ கலா ரீச்சர். நான் வெறும் றஞ்சி அன்ரி.

உனக்கு நான் செய்த உதவி இரண்டு. ஒவ்வொரு லப்டொப்பின் கமராவிலும் ஒட்டுப் பொட்டு ஒட்டினேன். யாராவது உள்ளிருந்து பார்த்தால்? பிள்ளைகள் கணினி என்றால் பொட்டு வைத்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டார்கள். மற்றது, வகுப்பு முடிய முன்னர் கொஞ்ச நேரம் நான் நடத்திய பாடம். பொலிஸ் பாடம் என்று அதற்கும் பெயர் வைத்தாய்.

"பாஸ்வேர்ட்டை ஆருக்குச் சொல்லலாம்?"

"அம்மாக்கு, அப்பாக்கு."

"ஃபிரெண்ட் கேட்டா?"

"நோ."

"ரீச்சர் கேட்டா?"

"நோ."

"நான் கேட்டா?"

அந்த இடத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே "நோ" என்று கத்துவார்கள். நீ பின்னால் நின்று தலையை ஆட்டுவாய். பிள்ளைகளை இப்படிப் பயப்படுத்தாதே என்று பிறகு சொல்லுவாய். பயமில்லை, அவதானம் என்பேன். இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

உன் பாடம் வேறு மாதிரி. புதிய பிள்ளை வந்தால் மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து, பெயரின் முதல் எழுத்தை அழுத்த வைப்பாய். விஜயதசமிக்குக் கோயிலில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதி ஏடு தொடக்குவோமே, அப்படி. பக்கத்து வீட்டு டியானாவின் தாய்தகப்பன் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள், அவளுக்கும் அதே மரியாதைதான். மவுஸ் தவறி விழுந்து காலில் பட்டால், எங்கள் பிள்ளைகள் செய்வதைப் பார்த்து, அவளும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவாள்.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

வகுப்புக்கென்று ஒரு இணையப் பக்கம் இருக்கிறது அல்லவா? பிள்ளைகள் கீறும் படங்களெல்லாம் அங்கே சேரும். ரீச்சரின் கணக்கால் உள்ளே போகிறவர் மட்டும்தான் அந்தப் படங்களின் மூலையில் நட்சத்திரம் ஒட்டலாம். என் கணக்கால் பார்க்கலாம், ஒட்ட முடியாது. உன் நட்சத்திரத்தை அழுத்தினால் நீ பதிந்து வைத்த குரல் கேட்கும். "அச்சாப் பிள்ளை." டியானாவுக்குத் தெரிந்த தமிழ், நல்ல பிள்ளை என்கிற அந்த இரண்டு சொல்லும்தான்.

போன மாதம் ஒரு பின்னேரம், நீ போன பிறகு வகுப்பை நடத்துகிற நான், வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு நல்ல படங்கள் தேடிக்கொண்டிருந்தேன். மிதுஷா ஒரு புத்தகப் பை கீறியிருந்தாள். இந்த வருடம் இரண்டாம் வகுப்புக்குப் போனதற்குத் தகப்பன் வாங்கிக் கொடுத்த பை. நீ அந்தப் பையைக் காணவே இல்லை. அந்தப் படத்தின் மூலையில் ஒரு நட்சத்திரம்.

அழுத்தினேன். நீ சொன்னாய், "அச்சாப் பிள்ளை."

பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனேன். நீ போன பிறகு கீறிய படங்களிலெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்சத்திரம். ஒவ்வொரு கிழமையும் யாரோ உன் பெயரில் உள்ளே வந்து போயிருக்கிறார்கள்.

பேய் பிசாசு என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. செத்தவர்கள் பாஸ்வேர்ட் அடித்துக்கொண்டா வருவார்கள்? இது உயிரோடு இருக்கும் ஒருவரின் வேலை. அது யார், எதற்காக என்பதுதான் கேள்வி.

முதலில் டொரீனைச் சந்தேகித்தேன். அறையையும் இணையப் பக்கத்தையும் ஒழுங்கு செய்து தருகிறவள் அவள்தானே. கேட்டேன். உன் பாஸ்வேர்ட் தன்னிடம் இல்லை, அதை நீ யாருக்கும் கொடுத்ததில்லை என்றாள். இறந்துபோன ஒருவரின் கணக்கு இன்னும் திறந்திருப்பதே பிழை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை மூடிவிடலாம், மூடினால் அதற்குள் இருப்பதெல்லாம் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டாள்.

ஓம் என்றேன். கள்ளனுக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்பதுதான் என் தலையில் நின்றது. உள்ளே இருப்பது என்ன என்று யோசிக்கவில்லை.

பிறகு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆள். லப்டொப்புகள் யார் வீட்டில் இருக்கின்றன? உன் லப்டொப் யாருடைய வானில் வருகிறது? கலா, நான் என் சொந்த அண்ணாவைச் சந்தேகித்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. அண்ணா தலைமயிருக்குக் கறுப்புப் பூசத் தொடங்கியிருந்தார். வானுக்குள் பாட்டுப் போட்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவர் கையில் இரண்டு கோப்பிக் கோப்பைகள் இருந்தன. நடையில் இருப்பது ஒருவர், கோப்பை இரண்டு. கவுண்டரில் நிற்கிற எனக்கு அது போதும். யாரோ ஒருத்தி உன் வீட்டுக்கு வந்து போகிறாள், உன் கதிரையில் இருக்கிறாள், உன் லப்டொப்பைத் திறந்து விளையாடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சாட்சி வேண்டுமே. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் உன் லப்டொப்பை மூடி, மூடியும் அடியும் சேரும் இடத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டை ஒட்டிவிட்டேன். யாராவது திறந்தால் பொட்டு பிரியும். அடுத்த கிழமை அண்ணா கொண்டுவந்து வைத்தபோது பொட்டு வைத்தபடியே இருந்தது. ஆனால் அன்று பின்னேரம் இணையப் பக்கத்தைப் பார்த்தால் புதிய நட்சத்திரங்களும் இருந்தன. வேறொருவராக இருந்தால் அண்ணா திறக்கவில்லை என்று விளங்கிக்கொண்டிருப்பார்கள். நான், வீட்டுக்கு வருகிற அவள் தன் சொந்த லப்டொப்பையும் கொண்டுவருகிறாள் என்று விளங்கிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை காலை, பின்பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில், அண்ணா பெட்டிகளை இறக்க முன்னர் வானுக்குள் ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணா, கலாவின்ர எக்கவுண்டுக்குள்ள ஆர் போறது?"

"என்ன எக்கவுண்ட்? பாங்க் எக்கவுண்டே?"

"நடியாதேங்கோ. வகுப்பு எக்கவுண்ட். ஆரோ அவளின்ர பெயரில உள்ளுக்குப் போய் வருகினம்."

"எனக்கு உந்த லப்டொப்பைத் திறக்கவே தெரியாது, றஞ்சி. தூக்கிக்கொண்டு வாறன், தூக்கிக்கொண்டு போறன்."

"உங்களுக்குத் தெரியாது. வீட்டை வாற ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். பாட்டை நிற்பாட்டினார்.

"நீ இப்ப கேக்கிறது கொம்பியூட்டரைப் பற்றியே?"

சாட்சியைக் காட்டினால் ஒத்துக்கொள்வார் என்று நினைத்து, போனை எடுத்து, மிதுஷாவின் புத்தகப் பையைத் திறந்து, நட்சத்திரத்தை அழுத்தினேன்.

வானுக்குள் உன் குரல் வந்தது.

கலா, எனக்கு முகம் பார்க்கத் தெரியும். அழுது நடிக்கிறவர்களையும் சிரித்து நடிக்கிறவர்களையும் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அண்ணாவின் முகத்தில் இருந்தது அவை ஒன்றும் இல்லை. இந்தக் குரல் இப்படி ஒரு இடத்தில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நீ போன பிறகு அன்றுதான் உன் குரலைக் கேட்கிறார்.

"திருப்பிப் போடு" என்றார்.

போட்டேன்.

"உந்தக் குரலை வீட்டையிருந்தும் கேக்கலாமே?"

"திங்கக்கிழமையோட மூடுறாங்கள். எல்லாம் அழிஞ்சிடும்."

"ஆர் மூடச் சொன்னது?"

நான் போனைக் கைப்பைக்குள் வைத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. இறங்கிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் வைத்தார். நடையில் இருக்கவில்லை, திரும்பி வானுக்கே போனார். போகும்போது, "இண்டைக்கோட சரி. வாற கிழமை வேற ஆரையும் பிடிச்சுத் தூக்குவி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வகுப்பை நடத்தத்தானே வேண்டும்? ஒரு பிள்ளைக்கு மவுஸின் எந்தப் பக்கம் அழுத்துவது என்று காட்டிக்கொண்டிருக்கிறேன், என் மனம் வானில் இருக்கிறது. அண்ணா வராவிட்டால் லப்டொப் இல்லை, லப்டொப் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை. திங்கட்கிழமை உன் குரலும் இல்லை. எல்லாவற்றையும் நானே சாத்திவிட்டேன். உள்ளே வந்தவர் யார் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. அண்ணா இல்லையென்றால் யார்?

பிள்ளைகளின் இடைவேளைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்ட, நடையின் கடைசியில் இருக்கும் சின்னக் குசினிக்குப் போனேன். கத்தியை எடுத்த பிறகுதான் ஒரு யோசனை வந்தது. நீ இருந்த காலத்திலும் இதே நேரம்தான் என்னை இங்கே அனுப்புவாய். "நீ போய் ஆறுதலாப் பாணை வெட்டு, நான் பாத்துக்கொள்ளுறன்" என்பாய். கெட்டித்தனம் பிடித்த நீ, ஏன் ஒருநாளும் வீட்டிலிருந்தே வெட்டிக்கொண்டு வரவில்லை?

கத்தியை வைத்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினேன். சத்தம் போடாமல் நடையால் வந்தேன்.

அறைக்கதவில் டியானா காவல் நின்றாள். உள்ளே, உன் கதிரையில், கால் நிலத்தில் படாமல் மிதுஷா இருந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். நான் நடத்தும்போது ஒருநாளும் இவ்வளவு அமைதியாக அவர்கள் நின்றதில்லை. மிதுஷா ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்து, தலையைச் சரித்து யோசித்து, நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்ரி கமிங்" என்று டியானா சொன்னாள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லோரும் தங்கள் கதிரைகளில்.

"ஆர் உங்களுக்குக் கலா ரீச்சரின்ர பாஸ்வேர்ட் சொன்னது?"

எல்லோரும் மிதுஷாவைப் பார்த்தார்கள்.

"மிதுஷா, சொல்லுங்கோ."

"ஒருத்தரும் சொல்லேல்ல அன்ரி."

"அப்ப எனக்கு இப்ப அதைச் சொல்லுங்கோ, பாப்பம்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்கதானே சொன்னனீங்க. கேட்டா சொல்லக்கூடாது எண்டு."

"நான் உங்கட ரீச்சர்."

"ஈவன் ரீச்சர்" என்றாள். பின்னால் எல்லாப் பிள்ளைகளும் தலையை ஆட்டினார்கள். "ஈவன் யூ."

கலா, உன்னுடைய பாடம் நின்றதோ இல்லையோ, என்னுடையது நின்றிருக்கிறது. கோபப்படவும் முடியவில்லை. கடைசியில், சொல்ல வேண்டாம், ஆனால் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மிதுஷா எழும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உன் கதிரையில் இருத்தினாள். கணக்கிலிருந்து வெளியே வந்து, பாஸ்வேர்ட் கேட்கும் இடத்துக்கு வந்தாள்.

"கண்ணை மூடுங்கோ அன்ரி."

மூடினேன். அவள் என் சுட்டுவிரலைப் பிடித்தாள். பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக என் விரலைக் கொண்டுபோய் வைத்து அழுத்தினாள்.

"கலா ரீச்சர் இப்பிடித்தான் செய்தவ. எங்களுக்கு வேர்ட் தெரியாது. ஃபிங்கருக்குத் தெரியும்" என்றாள்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஒவ்வொரு கிழமையும் ஒரு பிள்ளையைக் கதிரையில் இருத்தி ரீச்சராக்கியிருக்கிறாய். அதன் விரலைப் பிடித்து, ஏடு தொடக்குவது மாதிரி, உன் சொந்தப் பாஸ்வேர்ட்டை அழுத்த வைத்திருக்கிறாய். உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு பிழை விடுவார்களா? எனக்குத் தெரிந்தால் துள்ளுவேன் என்று என்னைப் பாண் வெட்ட அனுப்பியிருக்கிறாய். நீ போன பிறகு, யாரும் சொல்லாமலே, பிள்ளைகள் முறை மாற்றி முறை மாற்றி அதைத் தொடர்ந்திருக்கிறார்கள். கலா ரீச்சர் வரமாட்டா, ஆனால் நட்சத்திரம் கொடுக்கத்தானே வேண்டும் என்று மிதுஷா எனக்கு விளக்கம் சொன்னாள்.

ஒரு உண்மை சொல்ல வேண்டும். நான் ஒரு கண்ணை லேசாகத் திறந்தேன். முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. என் அண்ணாவின் பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. வீட்டுக்காரரின் பெயரைப் பாஸ்வேர்ட்டாக வைக்கக் கூடாது என்று நான் அந்த அறையில் நின்று எத்தனை தரம் கத்தியிருப்பேன், நீ பின்னால் நின்று தலையாட்டினாயே. உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மீதி எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

"இண்டைக்கு உங்கட டேர்ன்" என்றாள் மிதுஷா. "ஒரு ஸ்டார் நீங்க குடுக்கலாம்."

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று டொரீனுக்குப் போன் அடித்தேன். சனிக்கிழமையானாலும் எடுத்தாள். மூட வேண்டாம் என்றேன். அப்படியே விட முடியாது, யாராவது பொறுப்பெடுக்க வேண்டும் என்றாள். உன் கணக்கை என் பெயருக்கு மாற்றலாமாம், உள்ளே இருக்கும் குரலும் படங்களும் அப்படியே இருக்குமாம், ஆனால் பழைய பாஸ்வேர்ட் போய்ப் புதிது வைக்க வேண்டுமாம். அந்தக் கணக்கால் வேறு எதையாவது திறக்கலாமா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிள்ளைகளின் வீட்டு விலாசம்? இல்லை. போன் நம்பர்? இல்லை றஞ்சி, நட்சத்திரம் ஒட்டுவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது என்றாள். பிறகு இன்னொரு தரமும் கேட்டேன்.

வானின் கண்ணாடியில் தட்டினேன். அண்ணா இறக்கவில்லை. திரும்பத் தட்டினேன்.

"உள்ள வாங்கோ."

"ஏன், பொலிசைக் கூப்பிட்டிருக்கிறியோ?"

"பிள்ளையள் செய்த வேலை, அண்ணா. எல்லாத்துக்கும் காரணம் உங்கட மனிசி. நான் கதைச்சது பிழை. மூட விடேல்லை, குரல் அப்பிடியே இருக்கும். இறங்கி வாங்கோ."

வானின் சாவியைக் கழற்றினார். பிறகு இறங்கினார். இத்தனை காலத்தில் அன்றுதான் அந்த அறைக்குள் வந்து இருந்தார். அவ்வளவு பெரிய ஆள், அந்தச் சின்னக் கதிரையில், முழங்கால் மேசையில் முட்ட. மிதுஷா அவருக்கு மவுஸைக் கொடுத்து, "நசிக்கக் கூடாது அங்கிள், மெல்லமாப் பிடிக்கோணும்" என்றாள். எதையாவது கீறச் சொன்னாள். அவர் வான் கீறினார். சில்லுகள் சதுரமாக வந்தன. வானுக்குள் இரண்டு தலைகள் வைத்தார். யார் என்று பிள்ளைகள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் உன் கதிரையில் இருந்து அந்தப் படத்தின் மூலையில் நட்சத்திரத்தை ஒட்டினேன். "அமத்துங்கோ" என்றேன்.

அண்ணா அழுத்தினார்.

"அச்சாப் பிள்ளை" என்றாய்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வகுப்பு முடிந்து பெட்டிகளைத் தூக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"வாழ்நாள் முழுக்க இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ எண்டுதான் கூப்பிட்டவள். இண்டைக்குத்தான் என்னைப் பிள்ளை எண்டவள்."

வரும் சனிக்கிழமையும் அவரே பெட்டிகளைக் கொண்டுவருகிறார். அந்த இரண்டாவது கோப்பியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். நீ இருந்தபோது உனக்கும் சேர்த்து வாங்கிய பழக்கமாம், கடையில் வாய் தானாக இரண்டு என்று சொல்லிவிடுகிறதாம். நம்பினேன், முக்கால்வாசி. தலைமயிர்க் கறுப்புக்கு அவர் இன்னும் சரியான விளக்கம் தரவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ யோசிக்காதே.

விஜயதசமி வருகிறது. புதிதாகச் சில பிள்ளைகள் சேருகிறார்கள். புதுப் பாஸ்வேர்ட்டை நான் வைத்துவிட்டேன், வீட்டுக்காரர் யாருடைய பெயரும் இல்லை. வரும் சனிக்கிழமை, பாணை வீட்டிலேயே வெட்டிக்கொண்டு போவேன். ஒவ்வொரு பிள்ளையாகக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, விரலைப் பிடித்து அதை அழுத்த வைப்பேன். எனக்குத் தெரிந்த எல்லா விதிகளுக்கும் எதிரான வேலை இது. ஆனாலும் செய்வேன், கலா. கதவில் டியானாவைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் செய்வேன்.

உன்னை இனிக் கொஞ்சமும் நம்பாத,
உன் மச்சாள் றஞ்சி